27 மீட்டர் வலிக்கவில்லை, 6 மீட்டர் வலித்தது

நான் இதுவரை இறங்கியவற்றில் மிக உயரமான நீர்ச்சறுக்கு துபாயில் இருக்கிறது. ஒன்பது மாடிக் கட்டடத்தின் உயரம் கொண்ட அதிலிருந்து எழுந்து வந்தபோது, கழுத்தில் லேசான பிடிப்பைத் தவிர எனக்கு வேறு தொல்லை எதுவும் இல்லை. அந்தப் பிடிப்பும் என் தவறால் வந்ததுதான். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கேளிக்கைப் பூங்காவில், இரண்டு மாடி உயரமே இருந்த ஒரு மூடிய குழாய்ச் சறுக்கில் பிள்ளைகளோடு பிள்ளையாக இறங்கியதற்கு ஆறு வாரம் விலை கொடுத்தேன். வால் எலும்பில் அடி. திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜா வரையிலான நான்கு மணி நேர விமானப் பயணத்தை ஒரு தொடையில் மட்டும் பாரத்தைப் போட்டு உட்கார்ந்தபடி முடித்தேன். உயரமானது சும்மா விட்டுவிட, குட்டையானது எப்படிக் கடித்தது என்ற கேள்வியை அந்த ஆறு வாரமும் விடாமல் யோசித்தேன். அதற்குப் பின் குடும்பத்தோடு எந்த வாட்டர் தீம் பார்க்குக்குப் போனாலும் அந்தக் கேள்வியோடுதான் போகிறேன்.

என் தொழிலும் இதற்கு ஒரு காரணம். ஷார்ஜாவில் கண்ணாடியிழைக் குழாய் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். நாங்கள் செய்யும் குழாயும் நீர்ச்சறுக்கும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. கண்ணாடியிழையையும் பிசினையும் சேர்த்து உருவாக்கி, சறுக்காக இருந்தால் உட்பரப்பில் ஜெல் கோட் என்னும் வழவழப்பான பூச்சிட்டு, துண்டு துண்டாகக் கொண்டுவந்து, விளிம்புகளைப் போல்ட் போட்டு இறுக்கி, இடைவெளியில் பசை நிரப்பி மட்டமாக்க வேண்டும். எங்கள் குழாயில் கழிவுநீர் போகிறது, சறுக்கில் மனிதர் போகிறார் என்பது ஒன்றுதான் வேறுபாடு. இணைப்பில் ஒரு சிறு படி இருந்தாலும் கழிவுநீர் முறையிடாது, மனிதர் முறையிடுவார். அதனால் சறுக்கில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் கீழ்த்துண்டின் விளிம்பு மேல்துண்டின் விளிம்பைவிட ஒருபோதும் உயர்ந்து நிற்கக் கூடாது. சமமாகவோ மயிரிழை தாழ்ந்தோ இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் உடல் அதைத் தாண்டிப் போய்விடும். உயர்ந்திருந்தால் உடல் போய் அதன்மேல் மோதும்.

ஊரில் நான் இறங்கிய குழாய்க்குள் ஒரே இருட்டு. சாய்ந்து படுக்காமல், சிறு வயதில் சறுக்குமரத்தில் உட்கார்வது போல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கமாகத் திரும்பும் முதல் வளைவைச் சமாளித்துவிட்டேன். இரண்டாவது வளைவு உடனே வலப்பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. உடல் இடப்பக்கச் சுவரில் ஏறி, அங்கிருந்து சரிந்து மீண்டும் அடித்தளத்துக்கு வந்து விழுந்த இடத்தில், பசை தேய்ந்து விளிம்பு தூக்கிக்கொண்டிருந்த ஓர் இணைப்பு இருந்தது. அதன் உயரம் 3 மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். என் முழுப் பாரமும் அப்போது வால் எலும்பின் நுனியில் இருந்தது. சத்தம் போட்டேன், குழாயின் எதிரொலியில் அது உற்சாகக் கூச்சல் போலத்தான் கேட்டது என்று என் மகள் பின்னர் சொன்னாள்.

இப்போது அதைக் கணக்காகப் பார்க்கிறேன். உராய்வே இல்லாவிட்டால் 6 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குபவர் வினாடிக்கு 11 மீட்டர் வேகத்தை எட்டுவார். வளைவுகளும் உராய்வும் அதைக் குறைத்துவிடுவதால் வினாடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிளை வேகமாக மிதித்தால் எட்டக்கூடிய வேகம்தான் அது. ஆனால் அந்த வேகத்தில் 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும்போது, பக்கவாட்டில் ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது. கீழ்நோக்கி ஒரு மடங்கும் பக்கவாட்டில் ஒரு மடங்கும் சேர்ந்து, உடல் சுவரில் 45 பாகை வரை ஏறுகிறது. நம் எடை 1.4 மடங்காகத் தோன்றுகிறது. தாங்க முடியாத அளவு இல்லை. பேருந்து திடீரென்று பிரேக் போட்டால் இதைவிட மோசமாகத் தடுமாறுகிறோம். விசையின் அளவு எனக்குத் தீங்கு செய்யவில்லை. அந்த விசை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு எவ்வளவு குறைந்த நேரத்தில் மாறியது, மாறிய நொடியில் உடலின் எந்தப் புள்ளி அதை வாங்கியது என்னும் இரண்டும்தான் தீங்கு செய்தன.

நம் உடலுக்கு வேகம் தெரியாது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தில் தேநீர் சிந்தாமல் குடிக்கிறோம். உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்களும் திரவம் நிறைந்த அரைவட்டக் குழல்களும் வேகத்தின் மாற்றத்தையும் திசையின் மாற்றத்தையும்தான் மூளைக்குச் சொல்கின்றன. ரயில் பாதை அமைப்பவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். நேர்ப்பாதையிலிருந்து வட்ட வளைவுக்கு ஒரேயடியாகத் திருப்பாமல், இடையில் சிறிது சிறிதாக இறுகிக்கொண்டே போகும் ஓர் இடைவளைவைப் போடுவார்கள். நல்ல நீர்ச்சறுக்கிலும் அதே ஏற்பாடு இருக்கும். வெளியே நின்று பார்த்தாலே அது தெரியும். வளைவுக்குள் நுழைபவரின் உடல் சுவரில் மெதுவாக ஏறி, அங்கேயே சற்று நிலைத்து, மெதுவாக இறங்கினால் அது நல்ல வளைவு. உடல் வெடுக்கென்று சுவரில் ஏறி, ஊஞ்சல் போல் இரண்டு மூன்று முறை பக்கவாட்டில் ஆடினால், முதுகுவலி உள்ளவர்கள் அந்த வரிசையிலிருந்து விலகிவிடலாம். திறந்த சறுக்கானால் இதைக் கண்ணால் பார்க்கலாம். மூடிய குழாயானால் வெளியே வருபவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர்கள் எந்த இடத்தைத் தடவிக்கொள்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

துபாய் பாம் தீவில் அட்லாண்டிஸ் விடுதியை ஒட்டி அமைந்த அக்வாவென்ச்சரில், சிகுராட் என்னும் படிக்கோபுர வடிவக் கட்டடத்தின் உச்சியிலிருந்து லீப் ஆஃப் ஃபெய்த் என்னும் சறுக்கு இறங்குகிறது. அதன் உயரம் 27 மீட்டர். ஏறத்தாழச் செங்குத்தாக விழுந்து, சுறாக்கள் நீந்தும் குளத்துக்குள் பதிக்கப்பட்ட ஒளிபுகும் குழாய் வழியே நம்மைக் கொண்டுபோய் விடும். வால் எலும்பு ஆறி ஓராண்டு கழித்து, என் மைத்துனர் வேலை தேடி ஷார்ஜாவுக்கு வந்திருந்தபோது அங்கே போனோம். படியேறி மேலே போனதும் அவர், "அத்தான், நீங்க முதல்ல போங்க, நான் பாத்துட்டு வாரேன்" என்றார். அவர் 105 கிலோ. நான் 68 கிலோ. பயம் எடைக்கேற்ப வருவதில்லை.

உச்சியில் நின்ற பணியாளர் என்னை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, கைகளை மார்பின் குறுக்கே மடக்கி, ஒரு கணுக்காலின் மேல் மறு கணுக்காலைப் போடவைத்து, தலையைத் தூக்கக் கூடாது என்று சைகையால் காட்டினார். விளிம்பைத் தாண்டியதும் முதலில் நேர்ந்தது எடையிழப்பு. வழக்கமாக இரைப்பையும் குடலும் தம் பாரத்தை அடியில் உள்ளவற்றின் மேல் வைத்திருக்கின்றன. உடல் முழுவதும் ஒன்றாக விழும்போது அந்தப் பாரம் இல்லாமல் போகிறது. ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது அடிவயிற்றில் எழும் அந்தக் கூச்சம் இங்கே பல மடங்காக வந்தது. முதுகுக்கும் சறுக்குக்கும் இடையில் தொடுதல் இருந்தது, அழுத்தம் இல்லை. 27 மீட்டர் விழுச்சியை உராய்வில்லாமல் கணக்கிட்டால் வினாடிக்கு 23 மீட்டர், மணிக்கு 83 கிலோமீட்டர் வரும். உண்மையான வேகம் அதற்குக் கீழேதான் இருக்கும். எவ்வளவாக இருந்தாலும், அந்தச் சில வினாடிகளில் வலிக்கக் காரணமே இல்லை. விழுகிற உடலை எதுவும் அழுத்துவதில்லை.

அழுத்தம் அடியில் வருகிறது. செங்குத்து கிடைமட்டமாக மாறும் அந்த வளைவுதான் வேகச்சறுக்கின் உயிர்நாடி. வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் வருபவருக்கு அந்த வளைவின் ஆரம் 30 மீட்டராக இருந்தால், அவருடைய எடை ஏறத்தாழ 2.1 மடங்காகும். ஆரத்தை 15 மீட்டராகக் குறைத்தால் அது 3.2 மடங்காகும். 68 கிலோ எடையுள்ள எனக்கு முதலாவது 143 கிலோ, இரண்டாவது 218 கிலோ. மல்லாந்து படுத்திருப்பவருக்கு இந்தப் பாரம் தோள், முதுகு, பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று பரவலாகப் பிரிந்துவிடும். கனத்த போர்வையைத் திடீரென்று மேலே போட்டது போல் இருக்கும், அவ்வளவே. அதே பாரம் உட்கார்ந்திருப்பவரின் முதுகுத்தண்டு வழியே நேராகக் கீழே இறங்கினால் இடுப்பு முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கும். உட்கார்ந்து போகாதே, படு என்று எல்லா வேகச்சறுக்கிலும் சொல்வதன் பொருளை எனக்கு அந்த ஒரு வினாடி விளக்கியது. ஊரில் உள்ள குட்டைக் குழாயிலும் நான் படுத்திருந்தால், அந்த இணைப்பு முதுகில் ஒரு சிராய்ப்போடு என்னை விட்டிருக்கும்.

இனி என் தவறு. சுறாவைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், அந்த வளைவிலேயே தலையைத் தூக்கினேன். மனிதத் தலை ஏறத்தாழ 5 கிலோ. எடை இரு மடங்காகும் இடத்தில் 10 கிலோவைக் கழுத்தின் முன்தசையால் மட்டும் தூக்கிப் பிடிக்க முயன்றிருக்கிறேன். இரண்டு நாள் பிடிப்பு அதற்கான கூலி. முகத்தில் வாரியடித்த நீரில் ஒரு சுறாவையும் காணவில்லை. பார்க்க விரும்புபவர்கள் குளத்தின் ஓரத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். அங்கே அவை நன்றாகத் தெரிகின்றன.

கணுக்காலைப் பின்னிக்கொள்ளச் சொல்வதைப் பற்றி யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை. சொல்லக் கூச்சமான விஷயம் என்பதால் விட்டுவிடுகிறார்கள், நான் சொல்லிவிடுகிறேன். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் தேங்கிய நீரில் போய் விழும் உடலின்மேல், நீர் நேராக மோதும் இடத்தில் ஏறத்தாழ 1.1 வளிமண்டல அழுத்தம் உண்டாகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தில் பாதி என்று கொள்ளலாம். வேகம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். கால்கள் அகன்றிருந்தால் இந்த நீர் ஆப்பு போல் இரண்டு தொடைகளுக்கும் நடுவே பாய்ந்து, மெல்லிய நீச்சலுடையைச் சுருட்டிக்கொண்டு உடலின் துவாரங்களுக்குள் புகும். மலக்குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் இப்படி ஏற்பட்ட கிழிசல்கள் நீர்ச்சறுக்கு, படகின் பின்னால் கயிற்றைப் பிடித்து நீரின் மேல் வழுக்கும் வாட்டர் ஸ்கீயிங், ஜெட் ஸ்கீ ஆகியவற்றைச் சார்ந்து மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, என் மகளுக்கு அவள் அம்மா இதை வெளிப்படையாக விளக்கிய பின்தான் அவள் கால்களை இறுதிவரை பிரிக்காமல் இருக்கப் பழகினாள். பெரும்பாலோர் செய்யும் தவறு, நின்றுவிட்டோம் என்று எண்ணி ஒரு நொடி முன்னதாகவே கால்களை அகட்டுவது. நீர் கடைசியாக அறையும் இடம் அதுதான். உடல் முழுவதும் அசைவற்று நின்ற பிறகே பின்னலை அவிழ்க்க வேண்டும். பெண்கள் நீச்சலுடையின் மேல் நைலானாலான இறுக்கமான அரைக்கால் சட்டை அணிந்துகொள்வது நல்லது.

நிற்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் வரும் ஒருவரை 5 மீட்டர் நீளத்துக்குள் நிறுத்தினால் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான விசை முன்னிருந்து தள்ளும். 30 மீட்டர் நீளத்துக்கு ஆழம் குறைந்த நீரோடையில் விட்டு நிறுத்தினால் எடையில் பாதியளவு விசையே போதும். மிக வேகமான சறுக்குகள் குளத்தில் போய் முடியாமல் நீண்ட ஆழமற்ற வாய்க்காலில் முடிவதன் காரணம் இது. அந்த வாய்க்காலில் உடலுக்கு முன்னால் நீர் குவிந்து குவிந்து நம்மைத் தடுக்கிறது. அதாவது நம்மை நிறுத்துவது நாமே தள்ளிக்கொண்டு போகும் நீர்தான். இங்கே கையை நீட்டிப் பக்கச்சுவரைப் பிடிக்க முயன்றவர்களின் முழங்கையைப் பார்த்திருக்கிறேன், தோல் உரிந்திருந்தது.

வளைவின் அடியில் எடை கூடுவது போல, மேட்டின் உச்சியில் எடை குறைகிறது; வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் பூஜ்யத்துக்கும் கீழே போய், உடலோ, சில சறுக்குகளில் நாம் அமர்ந்து வரும் காற்றடைத்த படகோ தளத்தை விட்டுப் பறக்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் படகு மேட்டின் உச்சியில் பறக்காமல் ஒட்டியிருக்க வேண்டுமானால் அந்த மேட்டின் வளைவு ஆரம் 40 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெருக்ட் என்னும் 51 மீட்டர் உயரச் சறுக்கில், மூவர் அமரும் படகு முதல் விழுச்சியின் வேகத்தோடு இரண்டாவது மேட்டில் ஏறியது. 2016 ஆகஸ்டில் அந்த மேட்டில் படகு பறந்ததில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். சறுக்கு அன்றே மூடப்பட்டு, 2018ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. அதற்கும் முன்னதாக, நியூ ஜெர்சியின் ஆக்‌ஷன் பார்க்கில் 1985ஆம் ஆண்டு தலைகீழாகச் சுற்றும் சறுக்கு ஒன்று ஏறத்தாழ ஒரு மாதமே திறந்திருந்தது. முழு வட்டச் சுழலின் உச்சியில் விழாமல் இருக்கத் தேவையான வேகத்தோடு அடியில் நுழைந்தால், நுழையும் இடத்தில் எடை 6 மடங்காகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இன்றைய சுழல் சறுக்குகள் சுழலைச் செங்குத்தாக நிறுத்தாமல் சாய்த்து வைத்து அந்தச் சிக்கலைத் தவிர்க்கின்றன. நான் சொல்ல வருவது, உச்சியில் தூக்கியெறியும் மேடு உள்ள எந்தச் சறுக்கிலும் எடை பற்றிய அறிவிப்புப் பலகையை அலட்சியம் செய்யக் கூடாது என்பது.

எடை என்றதும் மைத்துனரிடம் திரும்ப வேண்டும். பாடநூலின்படி சரிவில் இறங்கும் வேகத்துக்கும் எடைக்கும் தொடர்பில்லை; உராய்வும் எடைக்கேற்பக் கூடுவதால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆனால் காற்றின் தடையும் நீர்ப்படலம் உடலைப் பிடித்து இழுக்கும் பாகுத்தடையும் எடையைப் பார்த்து வருவதில்லை. அதனால் கனமானவரை அவை குறைவாகவே மெதுவாக்குகின்றன. நால்வர் அமரும் வட்டப் படகில் என் மனைவி, மகள், நான், மைத்துனர் என்று ஏறியபோது, பணியாளர் எங்களைப் பார்த்த ஒரே பார்வையில் அவரை எனக்கு எதிரே உட்காரவைத்து, மனைவியையும் மகளையும் இரு பக்கமும் அமர்த்தினார். அவரும் நானும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தால், கனமான பக்கம் வளைவில் முன்னே சுழன்று சுவரில் உயரமாக ஏறியிருக்கும். படகில் கைப்பிடியை இறுகப் பிடிப்பதைவிட, முதுகைக் காற்றுத் திண்டில் முழுவதும் சாய்த்து, பிட்டம் படகின் தரையில் உரசாதபடி சற்றுத் தூக்கி வைத்திருப்பது முக்கியம். நடுவில் துவாரமுள்ள டியூபானால், மெத்தை என்று நம்பி அந்தத் துவாரத்தில் தொங்கவிடும் பகுதியே ஒவ்வொரு இணைப்பிலும் இடிபடும். "மாப்பிள்ளை, இடுப்பத் தூக்குங்க" என்று நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவருக்குப் புரிந்தது.

உராய்வைப் பற்றி ஜெர்மானியர்கள் நம்மைவிட அதிகம் யோசித்திருக்கிறார்கள். அங்கே நீர்ச்சறுக்கில் நேரம் குறித்துப் பந்தயம் விடுவது ஒரு விளையாட்டாகவே நடக்கிறது. பந்தயக்காரர்கள் இரண்டு தோள்பட்டைகளும் ஒரு குதிகாலும் மட்டும் தளத்தைத் தொடுமாறு உடலை வில்லாக வளைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை, ஆனால் அதன் மறுபக்கம் தேவை: வேகம் அதிகமாகத் தோன்றினால் இடுப்பைத் தளர்த்தி முதுகு முழுவதையும் தளத்தில் படியவிட்டால் வேகம் சற்றுக் குறையும். பருத்தி உடை நீரைக் குடித்துக் கனத்து, தளத்தோடு ஒட்டி இழுக்கும்; சில இடங்களில் நடுவழியிலேயே நிறுத்திவிடும். நைலானும் லைக்ராவும் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கிப் போகும். ஜிப், உலோகப் பொத்தான், ஜீன்ஸின் பித்தளை ஆணி ஆகியவற்றைப் பூங்காக்கள் தடுப்பது அவை ஜெல் கோட்டைக் கீறுவதால். ஒருவருடைய ஜிப் கீறிய கோடு அடுத்தவர் முதுகில் வரும். நீர் வரத்துக் குறைந்து தளம் திட்டுத்திட்டாகக் காய்ந்திருக்கும் சறுக்கில் ஏறாமல் இருப்பது நல்லது. வழுக்குவது நீர்ப்படலம் இருக்கும் வரைதான். அது அறுந்த இடத்தில் தோல் நேராகக் கண்ணாடியிழையில் தேய்கிறது.

மலேசியாவில் பினாங்கின் தெலுக் பஹாங்கில் எஸ்கேப் பூங்காவின் 1,111 மீட்டர் நீளச் சறுக்கில் சென்ற ஆண்டு இறங்கினோம். உலகின் மிக நீளமான டியூப் நீர்ச்சறுக்கு என்று 2019ஆம் ஆண்டு கின்னஸில் பதிவானது அது. காட்டின் நடுவே ஏறத்தாழ நான்கு நிமிடம் போகிறது. நான்கு நிமிடத்தில் 1,111 மீட்டர் என்றால் சராசரி வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர்தான். வயிற்றைக் கலக்கவில்லை, கழுத்து வலிக்கவில்லை. மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் இரண்டாவது நிமிடத்தில் என் கைகள் வலிக்கத் தொடங்கின. தேவையில்லாமல் கைப்பிடியை இறுக்கியிருந்தேன். வேகமான சறுக்கில் சில வினாடிகள் தசையை இறுக்கி வைத்திருப்பது உடலைக் காக்கிறது. நீண்ட சறுக்கில் அதே இறுக்கம் உடலைக் களைப்பாக்குகிறது. என் மனைவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கோவிலில் தேர் பார்ப்பவர் போல் அமைதியாக வந்தார். அவருக்கு எந்த வலியும் இல்லை.

பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்காகச் சில சொற்கள். உயர அளவுகோலில் இரண்டு விரற்கடை குறைந்தால் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிவிடாதீர்கள். எடை குறைந்த உடல் சமதளத்தில் நடுவழியில் நின்றுவிடும், பின்னால் வருபவர் அதன்மேல் மோதுவார். அந்த அளவு அதற்காகவும்தான். நீரில் விழும் கணத்தில் மூக்கைக் கையால் பிடிக்க வேண்டாம். மோதலில் கை முகத்தை நோக்கிப் பாயும். மூக்கு வழியே மெதுவாக மூச்சை வெளிவிட்டுக்கொண்டிருந்தால் நீர் ஏறாது. காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது. நீர் அடித்துக்கொண்டு போகாவிட்டாலும் கிருமி தங்கும். ஒன்பது மாடி ஏறியதும் இதயம் படபடக்கும்போதே படுத்துவிடாமல், இரண்டு பேரை முன்னே விட்டு மூச்சு சீரான பிறகு படுக்கலாம். கருவுற்றவர்களும், இதயம், கழுத்து, முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்களும் ஏற வேண்டாம் என்று பலகையில் எழுதியிருப்பதை நான் முன்பு சட்டத்துக்காக எழுதியது என்று எண்ணியிருந்தேன். வளைவின் அடியில் எடை 2.1 மடங்காகும் என்று கணக்குப் போட்ட பிறகு அப்படி எண்ணுவதில்லை.

இந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது மகள் மீண்டும் அந்தப் பழைய பூங்காவுக்கே போக வேண்டும் என்றாள். குட்டைக் குழாய் அங்கேதான் இருந்தது. வெளியே புதிதாக நீல வண்ணம் பூசியிருந்தார்கள். குழாய் முடியும் வாயில் நீரில் நின்றபடி கையை உள்ளே விட்டு, எட்டிய வரையில் இருந்த கடைசி இணைப்பை, தொழிற்சாலையில் செய்வது போல், நீர் ஓடும் திசையில் மூன்று விரல்களால் தடவினேன். விரல் தடுக்கியது. பணியில் இருந்த பையனை அழைத்து அவன் விரலையும் வைத்துத் தடவச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மேற்பார்வையாளரைத் தேடிப் போனான். "அப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் அலைக்குளத்துக்குப் போனோம்.